கழுத்திலே ஒரு முடிச்சு: மலைநாடும் கண்டக்கழலையும்

மலைநாட்டிலே பொழுது நன்கு புலர்வதற்கு முன்னரே பெரட்டுக்களத்துக்கு ஆட்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவருகின்ற காலைக் காட்சி இது. முதுகிலே கூடை, தலையிலே முக்காடு, கழுத்தைச் சுற்றிக் குளிருக்கு ஒரு துணி. அந்தத் துணி சில வேளைகளிற் குளிரை மட்டுமன்றி வேறொன்றையும் மறைத்துக்கொண்டிருக்கும். தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்குகின்ற ஒரு சிறு கட்டி. நோவில்லை, காய்ச்சலில்லை, வேலைக்கும் தடையில்லை. ஆகவே அதனை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை.

அந்தக் கட்டியின் வரலாற்றையே நேயர்களுக்கு இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அது மருத்துவ வரலாறு மட்டுமன்று. உப்பின் வரலாறும் ஆகும். மலையேறி வந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறும் ஆகும்.

கழுத்தின் முன்புறத்திலே, மூச்சுக்குழாயை அணைத்தாற்போல, சிறகு விரித்த வண்ணாத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி இருக்கின்றது. தைரொயிட் சுரப்பி என்பது அதன் பெயர். வளர்ந்தவர் ஒருவரிடத்தில் அது ஏறத்தாழ 20 கிராம் நிறையே உடையது. உடல் என்னும் அடுப்பு எவ்வளவு வேகமாய் எரிய வேண்டும் என்பதை வரையறுக்கும் ஓமோனை அது சுரக்கின்றது. இந்த ஓமோனை ஆக்குவதற்கு அயடீன் இன்றியமையாதது. மனித உடம்பு முழுவதிலும் 15 முதல் 20 மில்லிகிராம் அயடீனே உண்டு. அதிற் பெரும்பங்கு இச்சிறு சுரப்பிக்குள்ளேயே தங்கியிருக்கின்றது. உணவிலே அயடீன் குறையுமாயின், மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி, தைரொயிட்டை மேலும் மேலும் உழைக்கும்படி தூண்டும். கிடைக்கும் சிறிதளவு அயடீனையும் இழுத்துக்கொள்வதற்காகத் தைரொயிட் பருத்து வளரும். அவ்வாறு பருத்த கழுத்தையே கண்டக்கழலை என்கிறோம். ஆயுர்வேத நூல்கள் இதனைக் கலகண்டம் என்று வழங்கின.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். சுரப்பி முழுவதும் ஒரே சீராகப் பருப்பது ஒன்று; சுரப்பிக்குள்ளே தனியாக ஒரு முடிச்சோ பல முடிச்சுகளோ தோன்றுவது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் ஊரின் நோய். அங்குள்ள மண்ணும் நீரும் உணவும் சேர்ந்து பலருக்கு ஒருங்கே வருவிப்பது. பின்னது ஆளின் நோய். அவரவர் கழுத்திலே கைவைத்துத்தான் அதனை அறிதல் கூடும். முன்னதற்கு உலகம் கண்ட மருந்து மிக எளியது. பின்னதற்கு அத்தகைய ஒரே மருந்து கிடையாது; ஒழுங்கான விசாரணை ஒன்றே உண்டு. மலைநாட்டின் கண்டக்கழலை வரலாறு, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நாம் வந்து சேர்ந்த வரலாறே ஆகும்.

இம்மலைகளுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்தது முதலிற் கோப்பிக்காக. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். வழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலையை நாட்டினார். 1869இற் கோப்பிச் செடியைத் தாக்கத் தொடங்கிய இலைநோய், பின்வந்த ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. சமவெளியிலே வாழ்ந்தவர்கள் நாலாயிரம், ஆறாயிரம் அடி உயரத்திலே லயங்களில் நிரந்தரமாய்க் குடியேறினர்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது திருத்தி அமைக்கப்பட்டது; அதே ஆண்டிலே தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றிய மற்றொரு சட்டமும் வந்தது. 1916இலிருந்து அமெரிக்காவின் ரொக்பெல்லர் தாபனத்தார் தோட்டங்களிலே கொக்கிப்புழுவை ஒழிக்கும் பணியை மேற்கொண்டனர். இவையெல்லாம் பயன் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இம்முயற்சிகளின் நோக்கு எதன்மேல் இருந்தது என்பதையும் காணுதல் வேண்டும். தொற்றும் நோய், படுக்கையிற் கிடத்தும் நோய், வேலையைக் கெடுக்கும் நோய் ஆகியவற்றையே தோட்டத்து வைத்தியம் பெரிதாகக் கண்டது. ஆளை வேலையினின்றும் நிறுத்தாத, நோவு தராத, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்கின்ற ஒரு கழுத்து வீக்கம் அந்தக் கணக்கிலே ஏறுவதற்கு வழி இருக்கவில்லை.

இதற்கிடையில் உலகின் பிற மலைநாடுகளில் என்ன நடந்தது என்பதைச் சற்றே பார்ப்போம். 1811இற் பிரான்சு நாட்டிலே, கடற்பாசிச் சாம்பலிலிருந்து வெடியுப்பு ஆக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த கூர்த்துவா என்பவர், ஊதாநிற ஆவியாக எழுந்த ஒரு புதுப்பொருளைக் கண்டார். அதுவே அயடீன். கடற்பாசியும் கடற்பஞ்சும் கழுத்து வீக்கத்துக்கு நல்லவை என்பது பழைய வைத்தியர்கள் அறிந்த செய்தி. ஆகவே 1820இல் ஜெனீவா நகரத்து மருத்துவர் கொய்ன்டே, வீக்கமுடையோருக்கு அயடீனையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். வீக்கம் வற்றியது. ஆனால் அளவு மிஞ்சியவிடத்து நெஞ்சுப் படபடப்பும் உடல் மெலிவும் உண்டாயின. மருந்துக்கே கெட்ட பெயர் ஏற்பட்டது. 1895இற் பௌமான் என்னும் செருமானிய அறிஞர் தைரொயிட் சுரப்பிக்குள்ளே அயடீன் இருப்பதைக் கண்டு நிறுவிய பின்னரே சந்தேகம் தீர்ந்தது.

இந்தியாவின் வடமேற்கு எல்லையிலே, கில்கித் பள்ளத்தாக்கில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ரொபர்ட் மெக்கரிசன் என்னும் இராணுவ மருத்துவர் பணியாற்றினார். ஒரே நீரோடையின் கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஊர்களிலே, கீழே செல்லச் செல்லக் கண்டக்கழலை மிகுவதை அவர் கண்டார். ஓடை நீரின் அழுக்கே காரணம் என்று முடிவு செய்தார். அவ்வண்டலைத் தாமே குடித்தும் சோதித்தார். அவர் முடிவு முழு உண்மை அன்று. ஆயினும் நோயை ஆளிடத்தில் மட்டுமன்றி ஊரிடத்திலும் தேட வேண்டும் என்னும் வழியை அவர் காட்டினார். பின்னர் நீலகிரியிலே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த குன்னூரில் இருந்துகொண்டு, உணவையும் உடல்நலத்தையும் பற்றிப் புகழ்பெற்ற ஆராய்ச்சிகளை நடத்தியவரும் அவரே.

அமெரிக்காவில் அக்ரன் என்னும் நகரத்திலே, 1917இலிருந்து டேவிட் மரைன் என்பவரும் அவருடைய துணைவரும் பள்ளி மாணவியருக்குச் சிற்றளவில் அயடீன் கொடுத்துப் பார்த்தனர். மருந்துண்ட 2,190 பேரில் ஐவருக்கு மட்டுமே கழுத்து வீங்கியது. உண்ணாத 2,305 பேரில் 495 பேருக்கு வீங்கியது. இதனினும் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? 1922இற் சுவிற்சர்லாந்து உப்பிலே அயடீன் சேர்க்கத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக அந்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலே காணப்பட்ட பருத்த கழுத்து, ஒரு தலைமுறைக்குள் அருகிப்போயிற்று.

நமது தீவுக்கு வருவோம். இலங்கையின் கண்டக்கழலை பற்றி டாக்மர் வில்சன் என்னும் மருத்துவ அறிஞர் எழுதிய ஆய்வு 1954இல் வெளியாயிற்று. 1967இல் மகாதேவா, சண்முகநாதன் என்னும் நமது நாட்டு அறிஞர் இருவர் இப்பொருளை விரிவாக ஆராய்ந்து எழுதினர். தீவின் தென்மேற்கிலுள்ள ஈரவலயத்திலேயே இந்நோய் மிகுதி என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஓயாத மழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிச் செல்கின்றது என்பது ஒரு விளக்கம். ஆனால் அதனோடு முடிந்துவிடவில்லை. 1980களில் 17 மாவட்டங்களிலே 59,000க்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழுத்து வீக்கம் இருக்கக் காணப்பட்டது. மிகக் குறைந்த அளவு மாத்தளையில், 6.5, மிகக் கூடிய அளவு களுத்துறையில், 30.2. களுத்துறையோ கடலோர மாவட்டம்! மலையில்தான் இந்நோய் இருக்கும், கடலருகே இராது என்னும் பழைய எண்ணம் இந்நாட்டுக்குப் பொருந்தாது என்பது இதனாற் புலனாகும். மண்ணில் அயடீன் இருந்தாலும், அது பயிருக்கும் நீருக்கும் எட்டாதபடி மக்கிய பொருட்களோடு பிணைந்து கிடக்கலாம் என்று நிலவியல் அறிஞர்கள் பின்னர் விளக்கினர்.

1995இலிருந்து, மனிதர் உண்பதற்காக விற்கப்படும் உப்பில் அயடீன் இருத்தல் வேண்டும் என்னும் விதி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. சுவிற்சர்லாந்து வழிகாட்டி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நமது நாட்டிலேயே ஆய்வு வெளியாகி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அறிவு கிடைப்பதற்கும் அது அடுப்படிக்கு வந்து சேர்வதற்கும் இடையிலே உள்ள தூரம் எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

பயன் உடனே தெரியவில்லை. 2000ஆம் ஆண்டில் நடந்த கணிப்பில், நூற்றுக்கு 20.9 பிள்ளைகளுக்கு இன்னும் வீக்கம் இருந்தது. ஆனால் அவர்களின் சிறுநீரிலே அயடீன் போதிய அளவுக்கு வந்துவிட்டிருந்தது. வீங்கிய சுரப்பி வற்றுவதற்கு ஆண்டுகள் செல்லும். 2005இல் அத்தொகை 3.8 ஆகவும், 2016இல் 1.9 ஆகவும் குறைந்தது. போரும் வறுமையும் சூழ்ந்த காலத்தில் இந்த நாடு சத்தமின்றி ஈட்டிய வெற்றிகளுள் இதுவும் ஒன்று.

எனினும் இவ்வெற்றியைக் காப்பது அரசாங்கத்தின் கையில் மட்டும் இல்லை, அடுப்படியிலும் இருக்கின்றது. கல்லுப்பின்மேல் தெளிக்கப்படும் அயடீன் பெரிதும் அதன் மேற்புறத்திலேயே தங்குகின்றது. அழுக்கு நீங்கட்டும் என்று அந்த உப்பைத் தண்ணீரிற் கழுவினால், அழுக்கோடு அயடீனும் போய்விடும். திறந்த சிரட்டையிலே அடுப்பின் மேற்பரணில் வைத்தால், வெப்பத்தாலும் ஈரத்தாலும் அயடீன் குறையும். மூடியுள்ள போத்தலில், நெருப்புக்கும் ஈரத்துக்கும் அப்பால் வைத்து, கறி இறக்கும் வேளையிற் போடுவதே முறை. ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயடீன் இருக்குமாயின், 5 கிராம் உப்பிலே, வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 150 மைக்குரோகிராமும் கிடைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அதனினும் மிகுதியாக வேண்டும். அதற்காக உப்பை அள்ளிப் போடலாகாது. அது இரத்த அழுத்தத்தைக் கூட்டும். அவர்கள் கிளினிக்கில் ஆலோசனை கேட்டல் வேண்டும்.

நுவரெலியாவைப் பற்றிப் பேசும்போது கோவாவை மறத்தல் இயலாது. 1928இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிலே, கோவாவையே பெரும்பாலும் உண்டு வளர்ந்த முயல்களுக்குக் கழுத்து வீங்கியதை ஆராய்ச்சியாளர் கண்டனர். அச்செய்தியைக் கேட்டு நமது தோட்டக்காரர் அஞ்ச வேண்டியதில்லை. அயடீன் போதிய அளவு கிடைக்கும்போது, சமைத்த கோவாவை வழக்கமான அளவில் உண்பது தீங்கு செய்யாது. கூடைக் கயிறு நெற்றியில் இழுப்பதனாற் கழுத்திலே கட்டி வருமோ என்று எண்ணுவோருக்கும் இதுவே விடை: கூடை முதுகையும் தோளையும் வருத்தும், தைரொயிட் கட்டியை உண்டாக்காது.

இனி இரண்டாவது பகுதிக்கு வருவோம். உப்பு ஊரின் வீக்கத்தை வற்றச் செய்தது. தனி முடிச்சு மறைந்ததா? மறையவில்லை. பல ஆண்டுகள் தூண்டப்பட்டு வளர்ந்த சுரப்பியிலே சில பகுதிகள் தனிப்போக்கிற் பெருத்து முடிச்சாகிவிடும். பின்னர் எவ்வளவு அயடீன் கொடுத்தாலும் அவை கரையமாட்டா. அன்றியும், அயடீன் குறைவில்லாத நாடுகளிலுங்கூட இத்தகைய முடிச்சுகள் உண்டு. கையாற் தடவிப் பார்த்தாலே நூறு பெண்களில் ஏறத்தாழ ஐவரிடத்திலும், நூறு ஆண்களில் ஒருவரிடத்திலும் அவற்றைக் காணலாம். வயது ஏற ஏற அவை மிகும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. புற்றுநோயாக முடிபவை நூற்றில் ஏழு முதற் பதினைந்து வரை என்று மருத்துவர் கணிக்கின்றனர். அவ்வாறு முடிபவற்றுள்ளும் மிகப் பலவற்றைக் குணப்படுத்துதல் கூடும். ஆகவே இங்கே எழும் வினா, கட்டியை எவ்வாறு கரைப்பது என்பதன்று. இந்தக் கட்டி எவ்வகையினது என்பதே.

இவ்வினாவைக் கேளாமலே கத்தியை எடுத்தால் என்ன நேரும் என்பதற்கும் வரலாறு சான்று தருகின்றது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்து அறுவை வைத்தியர் தியோடோர் கோக்கர், தம் வாழ்நாளிலே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தைரொயிட் சத்திரசிகிச்சைகள் செய்தவர். தேர்ந்த கை, நோயாளிகள் உயிர் பிழைத்தனர். ஆனால் சுரப்பி முழுவதையும் அகற்றிய சிலர், மாதங்கள் செல்லச் செல்ல முகம் ஊதி, நடை தளர்ந்து, அறிவும் மந்தமாகி மாறியதை அவர் பின்னர் கண்டார். 1883இல் அவ்வுண்மையை மறைக்காமல் உலகறிய எடுத்துரைத்தார்; அதன்பின் முழுச் சுரப்பியையும் அகற்றும் வழக்கத்தை விட்டார். பயனற்றது என்று பலர் எண்ணியிருந்த அச்சுரப்பி உயிர்வாழ்வுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பது அவ்வாறே வெளிப்பட்டது. 1909இல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1891இல் இங்கிலாந்திலே ஜோர்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், சுரப்பி வலுவிழந்த ஒரு மாதுக்கு ஆட்டுத் தைரொயிட்டின் சாற்றைக் கொடுத்தார். அம்மாது மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று தைரொட்சின் என்னும் சிறு மாத்திரை அந்த வேலையைச் செய்கின்றது.

இன்றைய விசாரணை ஒழுங்கு நான்கு படிகளையுடையது. முதலாவது, மருத்துவரின் கையும் காதும். கட்டி விரைவாக வளர்கின்றதா, குரல் கம்மியதா, விழுங்கவோ மூச்சு விடவோ தடையுண்டா, கழுத்தின் பக்கத்தே வேறு நெறிகள் தட்டுப்படுகின்றனவா, குடும்பத்தில் இந்நோய் உண்டா, இளமையிற் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றதுண்டா என்பன அவர் கேட்கும் வினாக்கள். இவற்றுள் ஒன்றேனும் உண்டெனில் நாட்கடத்துதல் கூடாது.

இரண்டாவது, இரத்தச் சோதனை. கபச்சுரப்பி விடுக்கும் தூண்டும் ஓமோனின் அளவைப் பார்த்தால், தைரொயிட் மிகையாக வேலை செய்கின்றதா, குறைவாகச் செய்கின்றதா என்பது விளங்கும். அத்தூண்டல் குறைந்திருந்தால், முடிச்சே மிகையாகச் சுரக்கின்றதா என்பதைக் கதிர்வீசும் அயடீன் போன்ற பொருள்களைக் கொண்டு படம்பிடித்துப் பார்ப்பார்கள். அவ்வாறு மிகையாகச் சுரக்கும் முடிச்சு புற்றுநோயாவது மிக அரிது.

மூன்றாவது, ஒலியலை கொண்டு எடுக்கும் ஸ்கேன் படம். அது நோவு தருவதன்று. கதிர்வீச்சும் அதில் இல்லை. கட்டி நீர் நிறைந்ததா, திண்மையானதா, அதன் ஓரம் ஒழுங்கானதா, உள்ளே சுண்ணத் துணிக்கைகள் உண்டா என்பவற்றை அது காட்டும்.

நான்காவது, மெல்லிய ஊசி. ஐயத்துக்கு இடமான தோற்றமுடைய, பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத முடிச்சுகளில், மெல்லிய ஊசியாற் சில கலங்களை உறிஞ்சி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். 1950களிலே சுவீடன் நாட்டு மருத்துவர் வளர்த்தெடுத்த முறை இது. அதன் விடைகளை ஆறு வகைகளாகப் பகுத்து, உலகெங்கும் ஒரே மொழியிற் சொல்லும் பெதெஸ்டா முறை 2009இலிருந்து வழக்கில் உள்ளது. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்னும் அச்சம் மக்களிடையே உண்டு. அதன் பொருட்டு இச்சோதனையைத் தவிர்த்தல் தவறு. இச்சோதனை வந்த பின்னரே, தேவையற்ற சத்திரசிகிச்சையினின்றும் எத்தனையோ பேர் தப்பினர்.

விசாரணையின் பின் வருவது தீர்ப்பு. தீங்கற்றது என்று தெளிந்த முடிச்சுக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. ஓராண்டு ஈராண்டுக்கு ஒருமுறை மீண்டும் பார்த்தல் போதும். கட்டியைச் சுருக்குவதற்காகத் தைரொட்சின் மாத்திரை கொடுக்கும் பழைய வழக்கத்தை மருத்துவ உலகம் இப்போது பெரிதும் கைவிட்டுவிட்டது. மூச்சுக்குழாயை நெருக்கும் பெரிய கழலைக்கும், புற்றுநோய்க்கும், தெளிவாகாத ஐயத்துக்குமே சத்திரசிகிச்சை. பல வேளைகளிற் பாதிச் சுரப்பியை அகற்றினாற் போதும். குரல்நரம்பும், கல்சியத்தைக் காக்கும் நான்கு சிறு சுரப்பிகளும் அவ்விடத்திலேயே இருத்தலால், பழகிய கை வேண்டும்.

முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் தைரொட்சின் உட்கொள்ள வேண்டும். இங்கே தோட்டத்துக்கென்றே ஒரு குறிப்புச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அம்மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பாலோ, தேநீரோ, உணவோ கொள்ளல் வேண்டும். பெரட்டுக்கு விரைபவர் எழுந்தவுடன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுப்பு மூட்டி, மற்ற வேலைகளை முடித்துப் பின்னர் தேநீர் குடித்தால் ஒழுங்கு கெடாது.

இவ்வளவும் கேட்ட நேயர் ஒருவர், அப்படியாயின் ஊரிலுள்ள எல்லோருடைய கழுத்தையும் ஸ்கேன் செய்துவிட்டால் என்ன என்று வினவலாம். தென்கொரியாவில் ஏறக்குறைய அதுவே நடந்தது. நலமாயிருந்தவர்களுடைய கழுத்தையும் ஸ்கேன் செய்யும் வழக்கம் பரவியதால், 2011இற் கண்டறியப்பட்ட தைரொயிட் புற்றுநோய் 1993இல் இருந்ததைக் காட்டிலும் பதினைந்து மடங்காயிற்று. ஆனால் அந்நோயால் இறந்தோர் தொகை மாறவில்லை. தம் வாழ்நாளில் ஒருபோதும் தீங்கு செய்திராத சிறு புள்ளிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கத்திக்குக் கழுத்தை நீட்டினர். 2014இல் அந்நாட்டு மருத்துவர் சிலரே எச்சரிக்கை எழுப்பினர்; சத்திரசிகிச்சைகள் பெருமளவு குறைந்தன. ஆகவே நலமாயிருப்போரைத் தேடித்தேடிக் கட்டி காண்பதும் முறையன்று. கண்ட கட்டியைக் காணாதவர்போல் இருப்பதும் முறையன்று.

மலைநாட்டின் இடர் இன்றளவும் இரண்டாவது வகையினதே. அதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று. கிளினிக்குக்குப் போகும் நாளிலே பேர் விழாது. அரைப்பேர் கிடைத்தாலும் அதிட்டம். தோட்டத்திலிருந்து பெருந்தெருவுக்கு நடை, அங்கிருந்து பஸ், மருத்துவமனையில் வரிசை. இரத்தச் சோதனைக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், முடிவைப் பெற இன்னொரு நாள். நான்கு படிகள் என்று நாம் வானொலியிலே எளிதாகச் சொல்லிவிட்டோம். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு அவை நான்கு நாட் சம்பளம். மணமாகாத மகளின் கழுத்திலே கட்டி என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகுமே என்று தாய் அஞ்சுவதும் உண்டு. இந்நோய் ஆண்களைக் காட்டிலும் பெண்களையே மிகுதியாகப் பற்றுவது என்பதையும், நமது நாட்டுப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் தைரொயிட் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கின்றது என்பதையும் எண்ணும்போது, இத்தடைகளின் பாரம் யார் தலைமேல் இருக்கின்றது என்பது விளங்கும்.

முன்னைய காலத்தோடு ஒப்பிட்டால் வழி குறுகியிருக்கின்றது என்பதையும் சொல்ல வேண்டும். நுவரெலியாவில் மாவட்டப் பொது மருத்துவமனை உண்டு. டிக்கோயாவிலே இந்திய அரசின் உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட மருத்துவமனை 2017இல் திறக்கப்பட்டது. கண்டியிற் பெரிய மருத்துவமனையும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அணுக்கதிர் மருத்துவப் பிரிவும், மஹரகமையிற் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. படிகள் இல்லாமல் இல்லை. படியேறுவதற்கு ஒரு நாள் ஓய்வும் ஒரு துணையுமே வேண்டும். தோட்ட நிருவாகமும் தொழிற்சங்கங்களும் மனம் வைத்தால், கிளினிக் அட்டையைக் காட்டுபவருக்கு அந்நாட் சம்பளத்தைக் காப்பது அரிதான காரியமன்று. குடும்பநல உத்தியோகத்தர் லயத்துக்கு வரும்போது கழுத்தையும் ஒரு பார்வை பார்க்கும்படி கேட்பதும் அரிதன்று.

நேயர்கள் தாமே செய்யத்தக்கது ஒன்றுண்டு. கண்ணாடியின் முன் நின்று, கழுத்தைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். விழுங்கும்போது தொண்டையின் கீழ்ப்பகுதியில் ஏதேனும் கட்டி மேலெழுந்து இறங்குகின்றதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையெனில் அதனை மறந்துவிடுங்கள். இருக்குமெனில் அஞ்ச வேண்டாம்; மறைக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர் ஆராய்ந்தபின், இதனைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொன்னால், அதுவும் சிகிச்சையே. ஆராயாமலே துணியால் மூடிக்கொண்டு காலங்கடத்துவதும் வெளிப்பார்வைக்கு அது போலத்தான் இருக்கும். ஆனால் அது சிகிச்சை அன்று.

ஊர் முழுவதற்கும் வந்த வீக்கத்தை ஒரு பிடி உப்பு தீர்த்துவைத்தது. ஆயினும் அந்த உப்பு இந்நாட்டு அடுப்படிகளுக்கு வந்துசேர நாற்பது ஆண்டுகள் சென்றன. தனி ஒருவரின் முடிச்சுக்குரிய அறிவும் கருவியும் இன்று ஹட்டனிலிருந்து ஒரு நாட் பயணத்துக்குள் இருக்கின்றன. அந்த ஒரு நாளை நம் பெண்களுக்குக் கொடுப்பதற்கு மீண்டும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்கலாகாது.